மூச்சும் முயற்சியும்

கோலார் தங்கவயலைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் அண்மையில் நம்மைக் காண வந்திருந்தார். அண்டர்கிரவுண்டு வேலை என அவ்வூர் மக்கள் வழங்கும் நிலத்தடித் தொழிலில் இருபத்தேழு ஆண்டுகள் பாறை துளைத்தவர் அவர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டபின், தம் லைன் வீட்டிலேயே தங்கி, பௌத்த நூல்களைப் படிப்பதிலும் காலை மாலை தியானத்தில் அமர்வதிலும் நாள்களைக் கழித்து வருகிறார்.

“சில மாதங்களாக மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தாலே நெஞ்சு இறுகுகிறது, ஐயா. காற்றுப் போதாததுபோல் தவிப்பு உண்டாகிறது. இரவில் படுத்தாலும் மனம் மூச்சைவிட்டு நகர்வதில்லை. உறக்கம் வருவதில்லை. நம் அன்பர் ஒருவரிடம் சொன்னேன். பழைய கர்மம் கழிகிறது, எழுந்துவிடாதீர்கள், தாங்கிக்கொள்ளுங்கள் என்றார். தாங்கித்தான் பார்க்கிறேன். அப்படியானால் நான் அவ்வளவு பாவம் செய்தவனா?” என்று கேட்டார்.

அவர் விடைபெற்றுச் சென்ற பின்னும் அக்கடைசிக் கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. தியானத்தில் அமர்வோர் பலருக்கும் இவ்விடர் நேர்வதுண்டு. ஆனால் இதனுள்ளே பெரியதோர் அறவினா அடங்கியிருக்கிறது. துன்பத்தைத் தாங்குவது அதனாலேயே புண்ணியமாகுமா? துன்பம் தரும் பயிற்சியை விட்டு எழுவது கோழைத்தனமாகுமா? வருந்துகின்ற ஒருவனை நோக்கி, “இஃது உன் பழவினை” என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டா? இவற்றைப் பகவான் புத்தரின் உபதேசங்களைத் துணைக்கொண்டு இங்கு ஆராய்வோம்.

முதலில், இக்கேள்வி யாரிடமிருந்து எழுந்தது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். 1880ஆம் ஆண்டு முதல் வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து நம் மக்கள் கூட்டங்கூட்டமாகச் சென்று அச்சுரங்கங்களில் இறங்கினர். மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், வெப்பத்திலும் இருளிலும் பாறையைத் துளைத்து வெடிவைத்துத் தகர்த்தனர். பொன் வெளியே சென்றது. கல்தூசி அவர்களுடைய நெஞ்சிலே தங்கியது. மருத்துவர் சிலிக்கோசிஸ் என்று கூறும் நோய் அதனால் விளைவது. நுண்ணிய கல்தூசி நுரையீரலில் படிந்து தழும்பாகி, மூச்சுவிடும் இடத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துவிடும். தொழிலை விட்ட பின்னும் அந்நோய் வளரக்கூடும். அதை முற்றிலும் நீக்கும் மருந்து இன்றளவும் இல்லை. காசநோய் பற்றுவதற்கும் அஃது இடங்கொடுக்கும். சுரங்கம் மூடிய பின்னும், சயனைடு மண்மேடுகளிலிருந்து காற்றுக் காலத்தில் எழும் புழுதி ஊர்மேல் படிகின்றது.

இத்தகைய ஊரில் வாழ்ந்த ஒருவர் மூச்சுத் திணறுகிறது என்று சொல்ல, நாம் அவருக்குக் கர்மத்தைக் காரணமாகக் காட்டினோம்! நம் பாட்டன்மார் சேரியில் பிறந்ததற்கும், கிணற்றில் நீர் மறுக்கப்பட்டதற்கும் கற்பிக்கப்பட்ட காரணமும் இதுவேயன்றோ? அந்த விலங்கை உடைப்பதற்காகவே நாம் புத்த தம்மத்தைச் சரணடைந்தோம். அதே விலங்கைத் தியானம் என்னும் பெயரால் மீண்டும் நாமே பூட்டிக்கொள்ளலாமா?

இதுபற்றிப் பகவானிடமே ஒருவர் வினவியதுண்டு. இராசகிருகத்து மூங்கில் வனத்தில் அவர் தங்கியிருந்தபோது மோலிய சீவகர் என்னும் துறவி அவரையணுகி, மனிதன் நுகரும் இன்ப துன்பங்கள் எல்லாம் முன் செய்த வினையின் பயனே என்று சிலர் கூறுகின்றனரே, தங்கள் கருத்து யாது என்று கேட்டார். பகவான் எட்டுக் காரணங்களை எடுத்துரைத்தார். பித்தத்தால் வரும் வேதனை உண்டு. சிலேத்துமத்தால் வருவது உண்டு. வாதத்தால் வருவது உண்டு. இம்மூன்றும் கூடி வருவதும் உண்டு. பருவ மாற்றத்தால் வருவது, உடலைத் தகாதவாறு நடத்துவதால் வருவது, பிறர் தாக்குதலால் வருவது, வினைப்பயனால் வருவது என ஏனைய நான்கு. இவற்றைத் தாமே அனுபவித்து அறியலாம், உலகமும் ஒப்புக்கொள்கிறது. ஆதலின் எல்லாம் பழவினையே என்போர் உண்மையின் எல்லையைக் கடந்து பேசுகின்றனர் என்பது அவர் கூறிய விடையின் சாரம்.

எட்டில் ஒன்றாக மட்டுமே வினைப்பயன் வைக்கப்பட்டிருப்பதைக் கவனிக்க. ஏனைய ஏழும் ஆராய்ந்து அறியத்தக்கவை, பரிகாரம் தேடத்தக்கவை. 1957இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் நூலில் பாபாசாகேப் அம்பேத்கரும், முற்பிறப்பின் வினையே இப்பிறப்பின் நிலைக்குக் காரணம் என்னும் கொள்கையை மறுத்துரைத்தார். துன்பத்திற்குக் காரணம் உண்டு என்பது இரண்டாம் வாய்மை. காரணத்தைத் தேடாமல் பெயரை மட்டும் சூட்டி அனுப்பிவிடுவது அவ்வாய்மையை மறப்பதாகும்.

இனி, தாங்குதல் பற்றிய வினாவிற்கு வருவோம். மூச்சை வருத்தித் தவம் செய்வதால் எய்தும் பயன் யாது என்பதைப் பகவானைப் போல் அறிந்தவர் எவருமிலர். ஞானம் பெறுவதற்குமுன் அவர் வாய், மூக்கு, செவி ஆகியவற்றின் வழியே செல்லும் மூச்சை அடக்கித் தியானித்தார். அப்போது நேர்ந்தவற்றை மகாசச்சக சூத்திரத்தில் அவரே விவரிக்கிறார். கொல்லன் துருத்திபோல் காதில் காற்று இரைந்தது. கூர்வாளின் முனையால் தலையைக் குடைவதுபோலும், வாரினால் தலையை இறுக்குவதுபோலும் வலித்தது. வயிற்றைக் கத்தியால் அறுப்பதுபோல் இருந்தது. உடல் முழுதும் தணலில் வாட்டுவதுபோல் எரிந்தது. முயற்சி குன்றவில்லை, ஆயினும் அமைதி பிறக்கவில்லை.

பின்பு அவர் செய்தது என்ன? இதைவிடக் கடுமையாக எவரும் வருந்தியிருக்க முடியாது, ஆயினும் இவ்வழி ஞானத்திற்கு இட்டுச் செல்லவில்லை, வேறு வழி உண்டோ என்று சிந்தித்தார். இளமையில் நாவல் மரநிழலில் அமர்ந்திருந்தபோது இயல்பாகத் தோன்றிய அமைதி அவருக்கு நினைவு வந்தது. உணவு கொண்டு உடலைத் தேற்றினார். உடனிருந்த ஐவர், இவர் சுகவாழ்வுக்குத் திரும்பிவிட்டார் என்று இகழ்ந்து நீங்கினர். அவ்விகழ்ச்சிக்கு அஞ்சி அவர் பழைய வழிக்கே திரும்பியிருந்தால் இன்று தம்மம் ஏது? பிழையான முறையைப் பிழையென்று கண்டு, பிறர் பழிக்கும்போதே அதனை விடுவதற்கும் வீரம் வேண்டும்.

அவர் பின்னர்ப் போதித்த ஆனாபானஸதியோ முற்றிலும் வேறானது. நெடிய மூச்சை இழுத்தால் நெடியது என அறிகிறான், குறிய மூச்சை இழுத்தால் குறியது என அறிகிறான் என்பதே அதன் தொடக்கம். நெடிதாக்கு என்றோ, அடக்கு என்றோ அங்கே கட்டளையில்லை. மூச்சை அறிவது ஒன்று, ஆள்வது மற்றொன்று. வாயிற்காவலன் நகருக்குள் வருவோரையும் போவோரையும் பார்த்திருப்பானேயன்றி, ஒவ்வொருவர் பின்னும் ஓடிச்சென்று கையைப் பிடித்து இழுப்பதில்லை.

நம்மில் பலர் அறிய அமர்ந்து, தம்மையறியாமல் ஆளத் தொடங்கிவிடுகிறோம். இதன் விளைவை உடலியல் நன்கு விளக்குகிறது. ஓய்ந்திருக்கும்போது வளர்ந்த மனிதன் நிமிடத்திற்கு ஏறத்தாழ 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறான். மூளையின் அடித்தண்டு இதனை நம் ஏவலின்றியே நடத்துகிறது. ஆனால் நாம் விரும்பினால் குறுக்கிடவும் முடியும். அச்சத்தாலோ ஆர்வத்தாலோ தேவைக்கு மிகுதியாக மூச்சை இழுத்துவிட்டால், இரத்தத்திலுள்ள கரியமிலவாயு அளவுக்கு மீறிக் குறைகிறது. அப்போது தலை சுற்றும், விரல்கள் மரமரக்கும், நெஞ்சு இறுகும், காற்றுப் போதவில்லை என்ற எண்ணமும் தோன்றும். அவ்வெண்ணத்தால் இன்னும் ஆழமாக இழுப்போம். இடர் இன்னும் பெருகும். நுரையீரலில் குறையற்ற இளைஞருக்கும் இது நேரும். இதற்கும் பாவ புண்ணியத்திற்கும் தொடர்பில்லை. பிடியைத் தளர்த்தி, கண்ணைத் திறந்து, எழுந்து சிறிது நடந்தால் பெரும்பாலும் மூச்சுத் தானே தன் நடைக்குத் திரும்பும்.

மூச்சைக் கவனிப்பதே ஒருவருக்கு இடராயின் வேறு பொருளைக் கொள்ளலாமா? கொள்ளலாம் என்பதற்குப் பகவானின் செயலே சான்று. வைசாலியில் அவர் பிக்குகளுக்கு உடலின் அசுபத்தைச் சிந்திக்கும் தியானத்தைப் போதித்து, அரைத் திங்கள் தனித்திருக்கச் சென்றார். அத்தியானத்தால் தம் உடலையே வெறுத்துப் பல பிக்குகள் உயிரை மாய்த்துக்கொண்டனர். திரும்பிவந்த பகவான், சங்கம் குறைந்திருப்பதன் காரணத்தை வினவினார். ஆனந்தர் நடந்ததை உரைத்து, வேறு முறையை அருளுமாறு வேண்டினார். அப்போது போதிக்கப்பட்டதே இந்த ஆனாபானஸதி. மாண்டவர்களின் பழவினையென்று சொல்லி அவர் அமையவில்லை. முறை மனிதரை வருத்தியபோது மனிதருக்கேற்ப முறையை மாற்றினார். ஒன்றுக்கு மாற்றாக வந்த மூச்சுத் தியானமே மற்றொருவரை வருத்துமாயின், அதற்கும் மாற்றுத் தேடுவது அவர் காட்டிய நெறியேயாகும்.

ஐந்தாம் நூற்றாண்டில் ஆசாரியர் புத்தகோசர் இயற்றிய விசுத்திமார்க்கத்தில் நாற்பது தியானப் பொருள்கள் கூறப்படுகின்றன. இன்னின்ன இயல்பினருக்கு இன்னது ஏற்றது என்ற வகுப்பும் அங்கே உண்டு. எல்லார்க்கும் ஒன்றே போதுமாயின் நாற்பது எதற்கு? பர்மாவின் மகாசி சயாடோ (1904–1982) மூக்கின் நுனியை விடுத்து, வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனிக்கக் கற்பித்தார். நடக்கும்போது பாதம் எழுவதும், நகர்வதும், ஊன்றுவதும் கவனத்திற்குரியவையே. மைத்திரி பாவனையும் தியானமே. நெஞ்சு நலிந்தவர் இவற்றுள் தமக்கு இசைந்ததை மேற்கொள்வதில் குறைவொன்றுமில்லை.

உறக்கமின்மையைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். தியானம் முதிர்ந்தால் உறக்கம் தேவையில்லை என்றும், உறங்காதவனே முயற்சியுடையவன் என்றும் நம்மவர் சிலர் கருதுகின்றனர். சக்குபாலர் என்னும் தேரர் மூன்று மாதம் படுப்பதில்லை என நோன்பு கொண்டு, மருத்துவர் சொல்லியும் படுத்து மருந்திட்டுக்கொள்ள இசையாமல் கண்ணிழந்த வரலாற்றை இதற்குச் சான்றாக எடுத்துக்காட்டுவர். அவ்வரலாறு தம்மபத அட்டகதையில் உள்ளது. அவர் அருகத்து நிலையெய்தினார் என்றும் அது கூறுகிறது. அவர் உறுதியை நாம் இகழவில்லை. ஆனால் அது தாமே தமக்கு விதித்துக்கொண்ட நோன்பு. அதைக் காட்டி நோயாளி ஒருவரை மருந்தினின்றும் விலக்க எவருக்கும் உரிமை கிடையாது. மருந்துகளுக்கென்றே தனியொரு பகுதியை விநயத்தில் வைத்தவர் பகவான். வயிற்றுக் கடுப்பால் தன் மலத்திலேயே கிடந்த பிக்குவை ஆனந்தருடன் சேர்ந்து தம் கையால் கழுவித் தூக்கிக் கிடத்தியவரும் அவரே.

சோணர் என்னும் பிக்குவின் வரலாறு நமக்கு இன்னும் பயன் தருவது. செல்வக் குடியிற் பிறந்து துறவு பூண்ட அவர், பாதம் கிழிந்து இரத்தம் ஒழுகும்வரை நடைத்தியானம் செய்தார். பயன் காணாமல் மனம் தளர்ந்து இல்லறத்திற்கே திரும்ப எண்ணினார். பகவான் அவரை அணுகி, யாழ் நரம்பை மிக முறுக்கினாலும் மிகத் தளர்த்தினாலும் இசை பிறக்குமோ என்று கேட்டு, முயற்சியிலும் சமன் வேண்டும் என்று உணர்த்தினார். இவ்வுவமையை அனைவரும் அறிவர். அதன்பின் நிகழ்ந்ததைப் பலர் அறியார். அந்தப் பாதங்களுக்காகச் செருப்பணியவும் அவர் இசைவளித்தார். எனக்கு மட்டும் வேண்டா, சங்கத்தார் அனைவர்க்கும் ஆயின் அணிவேன் என்றார் சோணர். அனைவர்க்கும் அனுமதி கிடைத்தது. வெறும் அறிவுரையோடு பகவான் நின்றுவிடவில்லை. காயத்திற்கு வேண்டியதையும் தந்தார். ஊர்த் தெருவில் செருப்பணிந்து நடக்கும் உரிமைக்கே போராடிய முன்னோரின் மக்களாகிய நாம் இந்நிகழ்ச்சியை மறத்தல் தகாது.

உறக்கத்தைப் பகவான் பகையாகக் கருதியதில்லை. ஆளவி நாட்டுப் பாதையோரத்தில், குளிர்காலத்தில், இலைப்படுக்கையின்மேல் அவரைக் கண்ட ஹத்தக இளவரசர், நன்கு உறங்கினீர்களா என்று வினவியபோது, உலகில் இனிது உறங்குவோருள் தாமும் ஒருவர் என்றே அவர் விடையளித்தார். மைத்திரி பாவனையின் பதினொரு பயன்களுள் முதலாவது இனிய உறக்கம். இரண்டாவது இனிய விழிப்பு. ஆனந்தரின் கதையும் ஈண்டு நினைக்கத்தக்கது. முதற் சங்கீதிக்கு முந்திய இரவு முழுதும் அவர் கடுமையாக முயன்றார். விடியுமுன் சற்றே இளைப்பாறச் சாய்ந்தார். கால் தரையைவிட்டு எழுந்து, தலை தலையணையைத் தொடுமுன் அவர் மனம் விடுதலை பெற்றது. இறுக்கிய முயற்சி தளர்ந்த கணம் அது.

ஆதலின் உறக்கம் வாராதோர் படுக்கையைத் தேர்வுக்கூடமாக்க வேண்டா. வந்ததா, வந்ததா என்று உறக்கத்தைத் துரத்தினால் அது விலகியே ஓடும். இரவு நெடுநேரம் கூர்ந்த கவனத்துடன் அமர்வதால் உறக்கம் கெடுமாயின், அப்பயிற்சியைக் காலைக்கு மாற்றுக. மாலைக்குப்பின் தேநீரையும் காப்பியையும் குறைத்துக்கொள்க. நெடுநேரம் விழித்துக் கிடந்தால் எழுந்து அமைதியாக இருந்துவிட்டு, கண் அயரும்போது மீண்டும் படுக்கைக்குச் செல்க. மூச்சை விடுத்து, தம் மக்கள், அயலார், நோயுற்றார், வெறுத்தார் என ஒவ்வொருவராக நினைந்து நலம் வேண்டுக.

அங்ஙனமாயின் சிறிது வருத்தம் தோன்றியவுடன் ஆசனத்தைவிட்டு எழுந்துவிடலாமோ என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. முழங்கால் நோவு, சலிப்பு, பழைய துயரங்களின் நினைவு, அமைதியின்மை ஆகியவை அமர்வோர் எவர்க்கும் வரும். அவற்றைக் கண்டவுடன் ஓடினால் ஒன்றையும் கற்க இயலாது. ஓரளவு பொறுத்து, அவை தோன்றி மறையும் தன்மையை அறிதல் வேண்டும். ஆனால் படியேறினால் இளைப்பு, நீங்காத இருமல், சளியில் இரத்தம், நெஞ்சுவலி, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டல், குறட்டையினிடையே திணறி விழித்தல் ஆகியவை தியானத்தின் படிகளல்ல. மருத்துவரைக் காண்பதற்குரிய அழைப்புகள். பல இரவுகள் உறக்கமின்றி மனம் கட்டுக்கடங்காமல் ஓடினாலும், பிறர் கேளாத குரல்கள் கேட்டாலும், பயிற்சியை உடனே நிறுத்தி மருத்துவ உதவி நாட வேண்டும். எதைப் பொறுப்பது, எதற்குப் பரிகாரம் தேடுவது என்று பிரித்தறியும் அறிவே நன்முயற்சியின் முதற்படி. அவ்வறிவில்லாத பொறுமை, பொறுமையின் வேடமணிந்த அலட்சியமாகும்.

இதில் சங்கத்தாராகிய நம் கடமையும் உண்டு. ஒருவர் தம் துன்பத்தைச் சொல்லும்போது கர்மம் என்று விடையளிப்பது நமக்கு எளிது. அவ்விடைக்குப்பின் நாம் எழுந்து அவருடன் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியதில்லை. எக்காலத்துத் தூசி என்று கேட்க வேண்டியதில்லை. அவரை அத்தூசிக்குள் இறக்கியவர் பொறுப்பைப் பற்றி எண்ண வேண்டியதுமில்லை. பிறர் துன்பத்தைப் பழவினை என்பதால் விடுதலை பெறுபவர் துன்புறுவோர் அல்லர், சொல்பவரே. நற்றுணைவன் என்பவன் அத்தகைய விடுதலையை நாடான்.

அப்பெரியவர் பின்னர் மருத்துவரிடம் சென்றார். நாமும் உடன் சென்றோம். எக்ஸ்ரே படத்தில் பழைய தூசியின் தழும்புகள் தெரிந்தன. அவருக்கு இன்ஹேலர் கொடுத்தனர். தலைப்பக்கம் உயர்த்திப் படுக்கவும் கூறினர். நோய் நீங்கிவிடவில்லை, நீங்காது என்பதை அவரும் அறிவார். இப்போது அவர் மூக்கு நுனியைக் கவனிப்பதில்லை. காலையில் வீட்டு வாசலில் மெல்ல நடந்து பாதங்களைக் கவனிக்கிறார். இரவில் உடன் வேலை செய்து மறைந்தவர்களை ஒவ்வொருவராக நினைந்து மைத்திரி செலுத்துகிறார். பெயர்கள் முடியுமுன் பல நாள்களில் உறக்கம் வந்துவிடுகிறது என்றார்.

சென்ற திங்கள் அவரைக் கண்டபோது, “நீங்கள் கேட்ட கேள்விக்கு இன்னும் விடை சொல்லவில்லையே” என்றோம். அவர் சிரித்தார். “அந்தப் படத்தைப் பார்த்தபோதே விடை கிடைத்துவிட்டது, ஐயா. அதில் இருந்தது பாவம் இல்லை, கல்தூசி” என்றார்.